கனவுக்கு என்ன விலை?

படிக்கிற பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி இரண்டு விதமான உபதேசம் கிடைக்கிறது. வீட்டில் அப்பா சொல்வது ஒன்று: "நீ படிக்கிற வேலையைப் பாரு. காசைப் பத்தின கவலையெல்லாம் எங்களோட இருக்கட்டும்." கைப்பேசியில் யாரோ ஒரு இளைஞர் சொல்வது இன்னொன்று: "18 வயசிலேயே முதலீட்டை ஆரம்பி, மாசம் 500 போடு, கோடீஸ்வரன் ஆகலாம்."

இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. முதலாவது பிள்ளையைக் குழந்தையாகவே வைத்திருக்கிறது. இரண்டாவது அவனை அவசரமாகக் கிழவனாக்குகிறது. மாணவனுடைய பணத்துக்கு ஒரே ஒரு முதல் வேலைதான் உண்டு. எடுத்த படிப்பை நடுவில் விடாமல் முடிக்க வைப்பது. அதற்கு அவனுக்கு வீட்டுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், தன் கனவின் விலையும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் நாம் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் குறை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வரும் நண்பர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைப் பாடல்களை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அதில் இரண்டு கதைகள் பணத்தைப் பற்றியவை. ஒன்று சில்வண்டும் எறும்பும். கோடையெல்லாம் பாடிக்கொண்டிருந்த சில்வண்டு குளிர்காலத்தில் எறும்பிடம் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பும். இன்னொன்று பால்காரி பெரெத்தின் கதை. தலையில் பால்குடம் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள், பாலை விற்று முட்டை வாங்கி, கோழி வளர்த்து, பன்றி வாங்கி, பசு வாங்கி என்று கணக்குப் போட்டுக்கொண்டே துள்ளுவாள், குடம் விழுந்து உடையும்.

இரண்டாவது கதை நம்மூர்ச் சரக்குதான். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் மாவுப்பானையை வைத்துக்கொண்டு மனக்கோட்டை கட்டிய பிராமணன் கதை இதே கதை. 1678ல் வெளியிட்ட தொகுதியின் முன்னுரையில் லா ஃபோந்தேனே, தன் கதைகளில் பெரும்பகுதிக்கு இந்திய ஞானி பில்பேக்குக் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதைகளை இப்போது யோசித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் பாதிப் பாடம்தான் என்று தோன்றுகிறது. எறும்பு சேர்த்தது, சரி. எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அதற்கு ஒரு திட்டம் இருந்ததா என்று கதை சொல்லவில்லை. பால்காரிக்குத் திட்டம் இருந்தது, ஆனால் கையில் இருந்தது ஒரே குடம். குடம் உடைந்தால் என்ன செய்வது என்று அவள் நினைக்கவில்லை. நம் பிள்ளைகளை நாம் ஒன்று எறும்பாக்கப் பார்க்கிறோம், அல்லது பால்காரியாக்கப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதக் கற்றுத் தருவதில்லை.

நாங்கள் கற்ற கணக்கு

எங்கள் ஆரம்பப் பள்ளிக் கணக்குப் புத்தகம் முழுக்கக் கடைக் கணக்குதான். வியாபாரி இத்தனை மீட்டர் துணியை இந்த விலைக்கு வாங்கினார், வண்டிக்கூலி இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு, லாபம் என்ன? பதிமூன்று பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போகிற பையனுக்கும் உதவ வேண்டும் என்பதுதான் பிரான்சில் 'செர்த்திஃபிகா' என்ற ஆரம்பக் கல்விச் சான்றிதழின் நோக்கம்.

எங்களுக்கு அதில் ஒரு கூடுதல் தொல்லை. புத்தகத்தில் ஃபிராங்கு, பெரிய மார்க்கெட்டில் ரூபாய். 1957 ஏப்ரல் முதல் நாள் அணா போய் நயா பைசா வந்தது. 1960 ஜனவரியில் பிரான்சில் 100 பழைய ஃபிராங்கு ஒரு புது ஃபிராங்கு ஆனது. பழைய புத்தகம் ஒரு ஃபிராங்கு சொல்லும், வாத்தியார் இன்னொரு ஃபிராங்கு சொல்வார், வீட்டில் அம்மா இன்னும் அணாவில்தான் பேசுவாள். பணம் என்றால் எதிரில் எழுதியிருக்கிற எண் இல்லை, அந்த எண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் என்று எங்கள் தலையில் ஏறியது அப்படித்தான்.

கட்டம் போட்ட நோட்டை நாங்கள் 'கயே' என்போம். வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம். 'பட்ஜெட்' என்ற சொல்லே 'பூழெத்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பிறகு பிரெஞ்சுக்கே திரும்பி வந்தது. அதன் பொருள் சின்னத் தோல்பை. பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கைவிட்டுப் பார்ப்பதுதான் பட்ஜெட். நிதியமைச்சர் மட்டும் செய்ய வேண்டிய காரியம் இல்லை அது.

மறைத்து வைப்பதால் வரும் கேடு

அரசு அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஜூன் மாதம் நன்றாகத் தெரியும். ஜி.பி.எஃப். முன்பணம் கேட்டு விண்ணப்பங்கள் குவியும் மாதம் அது. காரணம் என்ற இடத்தில் 'மகன் கல்விக் கட்டணம்', 'மகள் கல்லூரிச் சேர்க்கை'. போன வருட முன்பணமே பாக்கி நிற்கும், அதோடு சேர்த்துப் புதிய முன்பணம். சம்பளப் பட்டியல் எழுதும்போது பிடித்தம் போக கைக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். மகன் நன்றாகப் படிப்பவன். தூரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். முதல் வருடம் ஜி.பி.எஃப்., இரண்டாம் வருடம் மனைவியின் நகை, மூன்றாம் வருடம் தண்டல்காரர். வீட்டு வாசலில் வந்து தண்டல்காரர் சத்தம் போட்ட அன்றுதான் பையனுக்கு விஷயம் தெரிந்தது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அப்பாவும் நாங்களும் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. அவன் சொன்னது ஒன்றுதான்: "முதல்லயே சொல்லியிருந்தா இங்கேயே அரசுக் காலேஜ்ல பி.எஸ்ஸி. சேர்ந்திருப்பேனே சார். எனக்கு அந்தக் காலேஜ்தான் வேணும்னு நான் அடம் பிடிக்கலையே."

அந்தத் தகப்பன் செய்தது அன்பினால்தான். மகன் முகம் வாடக்கூடாது என்று மறைத்தார். ஆனால் மூன்று வருடக் கட்டணமும் போய், பட்டமும் இல்லாமல், கடன் மட்டும் மிஞ்சியது. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பையனை உட்கார வைத்து, "நம்ம வீட்டு வரவு இது, செலவு இது, உன் படிப்புக்கு இவ்வளவுதான் முடியும், மிச்சத்துக்கு என்ன வழின்னு சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் அவன் பயந்து ஓடியிருப்பானா? நான் அப்படி நினைக்கவில்லை.

"சின்ன வயசில் கவலையை ஏற்றலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அம்மா காதில் தோடு இல்லாததைப் பார்க்காத பிள்ளை உண்டா? பாதி தெரிந்து, கேட்கவும் முடியாமல் இருப்பதுதான் பெரிய கவலை. முழுக் கணக்கும் தெரிந்தால் அது கவலையாக இல்லாமல் கணக்காக மாறிவிடும்.

விலை எழுதுங்கள், தேதி எழுதுங்கள்

இப்போது கனவின் விலைக்கு வருகிறேன். "கலெக்டர் ஆவேன்" என்கிறாள் ஒரு பெண். சந்தோஷம். குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்தான், பெண்களுக்கு அதுவும் கிடையாது. அப்படியானால் விலை குறைவா? இல்லை. சென்னையிலோ டெல்லியிலோ தங்க அறை வாடகை, சாப்பாடு, பயிற்சிக் கட்டணம், அதற்கும் மேலாகச் சம்பளம் இல்லாத இரண்டு மூன்று வருடம். அந்த வருடங்களை எப்படி ஓட்டுவது என்று எழுதினால்தான் அது லட்சியம். எழுதாவிட்டால் பால்காரியின் குடம்.

எங்கள் புதுச்சேரியில் இன்னொரு கனவு உண்டு: பிரான்ஸ். "அங்கே படிப்பு இலவசமாமே அங்கிள்?" என்று வருடத்துக்கு நான்கு பிள்ளைகளாவது என்னைக் கேட்கிறார்கள். பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மற்ற நாடுகளைப் பார்க்கக் குறைவுதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களுக்கு 2019ல் இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று தனிக் கட்டணம் வைத்தார்கள். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன, சில தருவதில்லை. எது தருகிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்க வேண்டும். விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்பது நீண்ட நாளாக உள்ள அளவு. வருடத்துக்கு 7,380 யூரோ ஆகிறது. படிக்கும்போது வேலை செய்யலாம், ஆனால் வருடத்துக்கு 964 மணி நேரம்தான். இந்த எண்களை எழுதிக் காட்டிய பிறகும் கனவு நிற்கிறதென்றால் அது நல்ல கனவு. அந்தப் பிள்ளை அன்றே பிரெஞ்சு வகுப்பில் சேரட்டும்.

ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போதும். என்ன வேண்டும், என்ன விலை, எந்தத் தேதிக்குள், இப்போது கையில் எவ்வளவு. மாதம் ஒரு முறை நான்காவது கட்டத்தை மாற்றி எழுத வேண்டும். தேதி நெருங்கியும் கட்டம் நிரம்பவில்லை என்றால் மூன்று வழிதான். தேதியைத் தள்ளலாம், மலிவான வழியைத் தேடலாம், உதவித்தொகையோ கடனோ கேட்கலாம். மூன்றிலும் அவமானம் எதுவும் இல்லை.

கடன் வாங்கலாம், கணக்குப் பார்த்து

கடனே கூடாது என்று சொல்பவன் இல்லை நான். கல்விக் கடன் ஏழைப் பிள்ளைக்கு நல்ல ஏணி. 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் தண்டல்காரரிடம் போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆனால் தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு கணக்கு போடுவோம். நான்கு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 1 லட்சம் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டியாகவே பார்த்தாலும் ஐந்தாம் வருட முடிவில் முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக 1,40,000 ரூபாய் வட்டி ஏறி, 4 லட்சம் 5,40,000 ஆகி நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் தவணை. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால் தவணை சுமார் 5,290 தான். முதல் வருடம் அந்த வட்டி மாதம் 833 ரூபாய். பகுதிநேர டியூஷன் எடுக்கிற மாணவனால் முடிகிற தொகை அது.

இதற்கு நேர்மாறு கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் கடன். 5,000 ரூபாய்க் கடன் என்பார்கள், செயல்முறைக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு கையில் 4,250 வரும், முப்பது நாளில் 5,000 திருப்ப வேண்டும். மாதத்துக்கு 17 சதவீதத்துக்கும் மேல் வட்டி. நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும், வட்டிக்கு வட்டி சேர்த்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்தக் கடனையும் வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கையில் வருவது எவ்வளவு, மொத்தம் திருப்புவது எவ்வளவு? வித்தியாசத்தைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதலீடு எப்போது?

மாதம் 500 ரூபாய் 40 வருடம் போட்டால், வருடத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால், 59 லட்சம் வரும் என்கிறது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 59 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஆறு லட்சத்துக்கும் குறைவு. 12 சதவீதத்துக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பழக்கத்துக்காகச் செய்யலாம், தவறில்லை. ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கு வழியில்லாத மாணவன் அறுபது வயதுக் கிழவனுக்காகச் சேமிப்பதில் அர்த்தமில்லை. அவனுடைய 500 ரூபாய் அஞ்சலகத்திலோ வங்கியிலோ, கேட்ட நாளில் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கலந்தாய்வில் இடம் கிடைத்து இரண்டு நாளில் பணம் கட்டச் சொல்வார்கள். நேர்முகத்துக்கு வெளியூர் வரச் சொல்வார்கள். அப்போது கையில் இருக்கும் ஐயாயிரம், நாற்பது வருடம் கழித்து வரும் லட்சங்களைவிடப் பெரிய தொகை.

பங்குச் சந்தையில் 'எஃப் அண்ட் ஓ' விளையாடுகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூறு பேர் எழுதி ஏழு பேர் தேறுகிற பரீட்சைக்கு, கல்லூரிக் கட்டணத்தைப் பணயம் வைத்து யாராவது போவார்களா?

கஞ்சத்தனம் வேண்டாம்

இவ்வளவும் சொன்னதால் பிள்ளைகள் டீ குடிக்கக் கூடாது, சினிமா பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நோட்டில் சந்தோஷத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். சிநேகிதன் பிறந்தநாளுக்கு ஒரு வரி, இல்லாதவருக்குக் கொடுக்க ஒரு வரி. சந்தோஷத்துக்கு இடமே வைக்காத கணக்கை எந்தப் பிள்ளையும் ஒரு மாதத்துக்கு மேல் எழுதாது.

யு.பி.ஐ. வந்த பிறகு இந்த நோட்டு முன்னைவிட அவசியம். நோட்டை எண்ணிக் கொடுத்தபோது பர்ஸ் மெலிவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பத்து ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் ஒரே 'டிங்' சத்தம்தான். ராத்திரி படுக்கும் முன் அன்றைய செலவைக் கையால் எழுதினால் மூன்று நிமிடம் ஆகும். யாரும் அதைத் தணிக்கை செய்யக் கூடாது, அப்பாவும் எட்டிப் பார்க்கக் கூடாது. தனக்குத்தானே எழுதுகிற கணக்கில்தான் உண்மை இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சட்டையும் கேக்கும் வாங்குகிறோம். வாங்குங்கள். அதோடு, பத்து வயது நிறைந்த பிள்ளைக்கு அவன் பெயரிலேயே, அவனே கையெழுத்துப் போட்டு நடத்துகிற மாதிரி அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 500 ரூபாய் போதும். கல்லூரியில் படிக்கிற பேரன் பேத்தி கல்விக் கடன் வாங்கியிருந்தால், ஓய்வூதியத்திலிருந்து அந்த மாத வட்டியைக் கட்டுங்கள். கட்டிய ரசீதை அவர்களிடமே கொடுங்கள். எதற்கு, எவ்வளவு, ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லுங்கள், வீட்டுக் கணக்கு உட்பட.